ஸ்கூட்டருக்கு மாறச் சொல்லாதீர்கள்: மோட்டார் சைக்கிள் செய்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஓசூரிலும் ஒரகடத்திலும் புனேயிலும் மானேசரிலும் மோட்டார் சைக்கிள் வடிவமைக்கிற பொறியாளர்களுக்கும், எந்த வண்டியை யார் தலையில் கட்டலாம் என்று முடிவு செய்கிற விற்பனைப் பிரிவினருக்கும்,

வணக்கம்.

நான் தர்மபுரி மாவட்டத்துப் பாலக்கோட்டுக்காரன். கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வயது 65. சுகர் இருக்கிறது. வலது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. இடது முழங்கால் மாடிப்படியைப் பார்த்தாலே முனகும். இவ்வளவும் இருந்தும் கியர் வண்டிதான் ஓட்டுகிறேன். பிழைப்புக்கு ஓட்டிய காலம் முடிந்துவிட்டது. இப்போது பிடித்திருக்கிறது, அதனால் ஓட்டுகிறேன். 25 வயதில் பிடித்ததைவிட அதிகமாகவே பிடிக்கிறது. இந்தக் கடைசி வரியை நம்புகிறவர்கள் மேற்கொண்டு படியுங்கள். நம்பாதவர்கள் கட்டாயம் படியுங்கள்.

உங்கள் விளம்பரங்களை நான் விடாமல் பார்க்கிறவன். லடாக் போகிறவனுக்கு 28 வயது இருக்கும். மழையில் சேற்றை வாரியடித்துத் திரும்புகிறவனுக்கு 22. நரைத்த தலை ஒன்று தப்பித்தவறி வந்தால், அது வாசலில் நின்று கையசைக்கிற அப்பாவின் தலை. அந்த அப்பா எந்த வண்டியில் போய்ப் பெண் பார்த்தார், எந்த வண்டியில் மாமியார் வீட்டுக்குப் பலகாரத் தூக்கோடு போனார் என்ற யோசனை அதை எடுத்தவருக்கு வரவே இல்லை.

கொஞ்சம் பழைய கணக்கைப் புரட்டுவோம். 1980-இல் ஓசூரில் இருந்து டிவிஎஸ் 50 வந்தது. 1984-இல் அதே ஓசூரில் இருந்து இந்த்-சுசுகி. 1985-இல் ஹீரோ ஹோண்டா சிடி 100, அதே ஆண்டில் யமஹா ஆர்எக்ஸ் 100, அடுத்த ஆண்டு கவாஸாகி பஜாஜ். அதற்கு முன்னால் எங்கள் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் என்றால் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்கிற புல்லட், பால்காரரின் ராஜ்தூத், டாக்டர் வீட்டில் மைசூரில் செய்த எஸ்டி. அந்த எஸ்டியில் கியர் மிதிக்கிற கம்பியையே மடக்கி மேலே தூக்கினால் கிக்கர் ஆகிவிடும். அதைப் பார்க்கவே பள்ளிக்கூடப் பிள்ளைகள் டாக்டர் வீட்டு வாசலில் நிற்போம். சம்பளக்காரன் கடன் போட்டு வாங்கி, தவணை கட்டி முடித்துவிடலாம் என்ற நிலைக்கு மோட்டார் சைக்கிள் இறங்கி வந்தது 1984, 85, 86 ஆகிய அந்த மூன்று வருஷத்தில்தான்.

அன்றைக்கு 20, 25 வயதில் அந்த நூறு சிசி வண்டிகளை வாங்கினவர்களுக்கு இன்றைக்கு 60, 65. அதாவது மோட்டார் சைக்கிளோடு வாலிபத்தைக் கழித்து, அதே மோட்டார் சைக்கிளோடு கிழவனாகிற முதல் பெருங்கூட்டம் நாங்கள்தான். எங்களுக்கு முந்தைய தலைமுறையில் இப்படி ஒரு கூட்டம் இருந்ததில்லை. அதனால் எங்களை என்ன செய்வது என்று உங்களுக்குப் பிடிபடவில்லை. கணக்கில் இருந்து கழித்துவிட்டீர்கள். கழிக்காதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

என் உத்தியோகமே வண்டி மேல்தான் நடந்தது. மாடுகளுக்குச் சினை ஊசி போடப் போவேன். பின் கேரியரில் கயிறு போட்டுக் கட்டிய திரவ நைட்ரஜன் கேன். அதற்குள் மைனஸ் 196 டிகிரியில் உறைவிந்துக் குச்சிகள். கேன் சாய்ந்து நைட்ரஜன் போய்விட்டால் குச்சி கெட்டுப்போகும். பருவம் தவறினால் மாட்டுக்காரர் இன்னும் 21 நாள் காத்திருக்க வேண்டும். ஒரு பருவம் தவறுவது என்பது சின்ன விவசாயிக்குப் பால் காசு தள்ளிப்போவது. அதனால் ஓடைக்கல்லோ வேகத்தடையோ எதில் ஏறினாலும் பின்னால் இருக்கிற கேன் குலுங்காத மாதிரி ஓட்டப் பழகினேன். இன்றைக்கும் என் பின்னால் உட்காருகிறவர்கள் தூங்கிவிடுகிறார்கள்.

ஆனால் அந்த வயதில் வண்டி எனக்கு ஒரு கருவி, அவ்வளவுதான். "மாடு கத்துதுங்க சார்" என்று பஞ்சப்பள்ளியில் இருந்தோ பாப்பாரப்பட்டியில் இருந்தோ ஆள் வந்து நின்றால், மாடு பருவத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம், ஓட வேண்டும். வழியில் எது பூத்திருக்கிறது, எது காய்த்திருக்கிறது என்று பார்க்க நேரம் ஏது? ஓட்டுவதின் ருசி ஓய்வுக்குப் பிறகுதான் தெரிந்தது. அதைத்தான் உங்களுக்குக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் வடிவமைப்பு அறையில் இருக்கிற யாருக்கும் இன்னும் இந்த வயது வந்திருக்காது.

வத்தல்மலைக்கு வாருங்கள். தர்மபுரியில் இருந்து பக்கம்தான். ரோடு போடுவதற்கு முன்னால் மலையில் இருக்கிறவர்கள் நடந்தேதான் ஏறி இறங்கினார்கள். இப்போது இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளோடு தார் ரோடு இருக்கிறது. மூன்றாவது கியரில் வளைவை நெருங்கும்போது ஆக்சிலேட்டரைத் தளர்த்த வேண்டும். கிளட்சைப் பாதி பிடித்து இரண்டுக்கு இறக்க வேண்டும். கிளட்சை விடுகிற அந்த நொடியில் எஞ்சின் ஒரு சுதி ஏறும் பாருங்கள், அதைக் கேட்டதுமே உடம்பு தானாக உள்பக்கம் சாய்கிறது. முழங்கால் டேங்கை அணைத்துக்கொள்கிறது. கண் வளைவின் அந்தக் கோடிக்குப் போய்விடுகிறது; கண் போன இடத்துக்கு வண்டி வந்து சேர்கிறது. அடுத்த வளைவு வருவதற்குள் மறுபடி மூன்று. மீட்டரைப் பார்க்கிற வேலையே இல்லை, காது போதும்.

கண், காது, கை, கால், இடுப்பு எல்லாம் சண்டை போடாமல் சேர்ந்து ஒரு வேலையைச் செய்கிற சந்தர்ப்பம் இந்த வயதில் வேறெங்கே கிடைக்கிறது? வாக்கிங் போனால் முழங்கால் மட்டும்தான் பேசும். யோகா வகுப்பில் இடுப்பு. டிவி முன்னால் உட்கார்ந்தால் எல்லாமே வாயை மூடிக்கொள்ளும். வண்டியில் உட்கார்ந்து முதல் கியர் போட்டதும் ஒவ்வொன்றுக்கும் அதனதன் வேலை ஞாபகம் வந்துவிடுகிறது. மேலே போய்ச் சேரும்போது காற்றில் குளிர் ஏறியிருக்கும். காபித் தோட்டத்து ஓரத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சின் சூடு ஆறுகிற டிக் டிக் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஒரு டீ. ஹெல்மெட்டைக் கழற்றினால் வழுக்கையில் காற்றுப் படுவதே ஒரு சுகம். முடி இருந்த காலத்தில் இது தெரியாது.

பெங்களூரில் இருந்து வாரக் கடைசியில் வருகிற பையன்கள் வளைவிலேயே சர்ரென்று தாண்டிப் போவார்கள். இடது பக்கம் ஒதுங்கி வழி விடுவேன். ஐம்பது கிலோமீட்டர் வேகம் எனக்கு யதேஷ்டம். அவனை முந்த வேண்டும் என்ற அரிப்பு போனதும் ரோட்டின் இரண்டு பக்கமும் கண்ணில் படத் தொடங்கியது. தை, மாசியில் காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்புகளுக்கு நடுவே போனால் பூ வாசனை ஹெல்மெட்டுக்குள்ளேயே வந்து தங்கிவிடும். ஏரிக்கரை மேல் ஏறினால் சட்டென்று குளிரும். கரையை விட்டு இறங்கினால் அதே சட்டென்று போய்விடும். மாரண்டஅள்ளி தாண்டி ராயக்கோட்டையை நெருங்கும்போது மார்கழியில் மேல்பொத்தானைப் போட வேண்டியிருக்கும். வெல்லம் காய்ச்சுகிற கொட்டகை எந்தப் பக்கம் இருக்கிறது என்று கண் பார்ப்பதற்கு முன் மூக்கு சொல்லிவிடும். மகன் காரில் ஏசி போட்டுக் கண்ணாடி ஏற்றிக் கூட்டிப்போகிறான், நல்ல பிள்ளை. ஆனால் அதில் போனால் என் ஊரே டிவியில் ஓடுகிற மாதிரி இருக்கிறது.

வயதானால் ஓட்டுகிற திறமை குறையும் என்பீர்கள். கண் குறைகிறது, கை கால் சுறுசுறுப்பு குறைகிறது, மறுக்கவில்லை. கூடுகிற ஒன்றும் இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று எங்கள் இரண்டு மாவட்டத்திலும் அறுவடை நேரத்தில் கொள்ளுச்செடி, ராகித்தாள் எல்லாவற்றையும் ரோட்டிலேயே பரப்பிவிடுவார்கள், போகிற வண்டிகள் மிதித்துப் போரடித்துக் கொடுக்கட்டும் என்று. காய்ந்த கொள்ளு மேல் பிரேக் அடித்தால் டயர் பிடிக்காது, வண்டி வழுக்கிக்கொண்டு போகும். பெங்களூர்ப் பையன் அதன் மேல் ஏறின பிறகு பிரேக்கைத் தேடுவான். நாங்கள் தூரத்தில் பழுப்பாகத் தெரியும்போதே கியரை இறக்கி, பிரேக்கில் கை வைக்காமல் நேராக உருட்டிப் போய்விடுவோம். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி காட்டு ரோட்டில் ஐப்பசி முதல் தை வரை யானை நடமாட்டம். பன்னேருகட்டா பக்கம் இருந்து ராகிக் காட்டைத் தேடி இறங்கி வரும். ரோட்டில் சாணம் காய்ந்து கிடந்தால் மெதுவாகப் போகலாம். அதில் இருந்து ஆவி பறந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட வேண்டும். இதை எந்த மீட்டரும் காட்டாது.

சரி, குறைகளுக்கு வருகிறேன்.

போன வருஷம் புது வண்டி பார்க்க ஒரு ஷோரூமுக்குப் போனேன். எந்தக் கம்பெனி, எந்த ஊர் என்பது வேண்டாம். 200 சிசி வண்டி ஒன்றைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். விற்பனைப் பையன் ஓடி வந்தான். மரியாதையான பையன்தான். "சார், உங்க ஏஜுக்கு ஸ்கூட்டர்தான் சார் செட் ஆகும்" என்று கையைப் பிடிக்காத குறையாக அந்தப் பக்கம் கூட்டிப் போய்விட்டான். நான் பார்த்துக்கொண்டிருந்த வண்டியின் விலையைக்கூடச் சொல்லவில்லை. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. நீங்கள் சொல்லிக் கொடுத்ததைத்தான் அவன் சொல்கிறான்.

ஸ்கூட்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை. காஸ் சிலிண்டர் கொண்டுவர, மளிகை வாங்க, இடுப்பு பிடித்துக்கொண்ட அன்றைக்குக் காலைத் தூக்கிப் போடாமல் ஏற, அதைவிட வசதி கிடையாது. ஆனால் ஸ்கூட்டர் சக்கரம் 10 அங்குலமோ 12 அங்குலமோ. மோட்டார் சைக்கிள் சக்கரம் 17, 18. ரோட்டில் இருக்கிற அதே பள்ளத்தில் சின்னச் சக்கரம் இறங்கி ஏறும், பெரிய சக்கரம் தாண்டிவிடும். அந்த இறங்கி ஏறுகிற அடி யாருடைய இடுப்பெலும்பில் போய் விழுகிறது என்று நினைக்கிறீர்கள்? இன்னொன்று, எஞ்சின் பிரேக். எங்கள் மாவட்டத்தில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கி, பிரேக் பிடிக்காமல் போன லாரிகளை வைத்துத் தொப்பூர் கணவாய் எங்களுக்குப் பாடம் நடத்திவிட்டது. மலை இறங்கும்போது இரண்டாவது கியரில் போட்டுவிட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் வேகம் குறைந்தால் கிளட்ச் தானாகக் கழன்றுகொள்ளும்; வண்டி உருண்டு போகும்; கையும் பிரேக்கும்தான் கதி. கைப்பிடி தளர்ந்த வயதுக்காரனுக்கு இதைத்தான் பாதுகாப்பு என்று விற்கிறீர்கள்.

அடுத்தது எடை. நான் சொன்ன ஆர்எக்ஸ் 100 வண்டி நூறு கிலோவைச் சுற்றித்தான் இருந்தது. இன்றைய 350 சிசி வண்டிகள் சில 190 கிலோவைத் தாண்டுகின்றன. ஓடும்போது அந்த எடை தெரியாது, அது உண்மை. கல்லு மாதிரி நிற்கும் என்று புல்லட்காரர்கள் சொல்வதும் உண்மை. எடை தெரிவது நிற்கும்போதுதான். டீக்கடை முன்னால் கொஞ்சம் சரிவாக நிறுத்தியிருப்போம். மூக்கு கீழே பார்த்திருக்கும். திரும்பிப் போக வேண்டுமென்றால் பின்னால் தள்ள வேண்டும். சீட் மேல் உட்கார்ந்தால் பெருவிரல்தான் தரையில் படுகிறது. பெருவிரலை ஊன்றி 190 கிலோவை மேட்டுக்குத் தள்ளுகிற கிழவனை டீக்கடையில் இருக்கிறவர்கள் எல்லாம் பார்ப்பார்கள். யாராவது ஒரு தம்பி எழுந்து வந்து, "விடுங்கண்ணா, நான் தள்றேன்" என்பான். எங்கள் வயதில் வண்டியை விற்றவர்கள் பலபேர் விழுந்ததால் விற்கவில்லை. இந்தத் "விடுங்கண்ணா"வுக்காக விற்றார்கள்.

சீட் உயரத்தை மில்லிமீட்டரில் அச்சடிக்கிறீர்கள், 790, 805, 825 என்று. வயதானால் மனிதனின் உயரம் குறையும் என்பதை உங்களுக்கு யாராவது சொன்னார்களா? முதுகெலும்பு வட்டுகள் அமுங்கிப்போய், கல்யாணத்தில் ஐந்தடி ஐந்து இருந்தவன் இப்போது ஐந்தடி நாலு. ஒரு சில வண்டிகள் இதை உணர்ந்து வந்திருக்கின்றன. 765 மில்லிமீட்டரில் சீட் வைத்த மீட்டியோர் 350-ஐ ஓட்டிப் பார்த்தேன். இரண்டு பாதமும் பளிச்சென்று தரையில் பதிகின்றன. ஆனால் எடை 191 கிலோ. உயரம் குறைந்தால் எடை கூடுகிறது, எடை குறைந்தால் சீட் ஏறிக்கொள்கிறது. 150, 200 சிசியில், 130 கிலோவுக்குள், 770-க்குள் சீட், சீட்டும் டேங்கும் சேருகிற இடத்தில் ஒல்லியாக, இரண்டு விரலில் இழுக்கிற கிளட்சோடு ஒரு வண்டி முடியாதா? இழுக்க இலகுவான கிளட்ச் தொழில்நுட்பம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ரேஸ் பையன்களுக்குப் போட்டுக் கொடுக்கிறீர்கள். விரல் மூட்டு வீங்கின எங்களுக்கு அல்லவா அது முதலில் வேண்டும்?

கிக்கரை எடுத்துவிட்டதற்காக என் கூட்டாளிகள் சிலர் உங்களைத் திட்டுவார்கள். நான் திட்டமாட்டேன். பழைய புல்லட்டில் ஆம்பியர் முள்ளைப் பார்த்து, எஞ்சின் அழுத்தத்தை விடுவிக்கிற டீகம்ப்ரஷர் பிடித்து, பிஸ்டனைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து உதைத்த அழகு எல்லாம் சரி. தப்பாக உதைத்தால் திருப்பி அடிக்கும், கெண்டைக்காலில் இன்னும் தழும்பு உள்ளவர்கள் இருக்கிறார்கள். செல்ஃப் பட்டன் கடவுள் கொடுத்தது. ஒன்று மட்டும் யோசியுங்கள். இப்போதைய பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் பேட்டரி அடியோடு செத்துவிட்டால் தள்ளி ஸ்டார்ட் செய்தாலும் எடுக்காது, பெட்ரோல் பம்பே ஓடாது. அஞ்செட்டிக் காட்டில் அப்படி நின்றால் எங்கள் கதி என்ன? பேட்டரி சாகப்போகிறது என்று ஒரு வாரம் முன்னாலேயே சொல்லுகிற ஒரு சின்ன விளக்கு போடுங்கள். புளூடூத் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மீட்டர் பற்றிப் பேச்செடுத்தால் நீளும். வெயிலில் ஒன்றும் தெரியாத கறுப்புக் கண்ணாடியில், எறும்பு எழுத்தில், நாலு பக்கம் மெனு. எனக்கு வேண்டியது மூன்று: வேகம், கியர், பெட்ரோல். பெரிதாக. ஹெட்லைட்டும் அப்படித்தான். வெள்ளை எல்இடி போட்டு எதிரே வருகிறவன் கண்ணைக் குருடாக்குகிறீர்கள். உங்கள் வண்டி திரும்பும்போது வளைவின் உள்பக்கம் இருட்டு. வயதான கண் கூச்சத்தில் இருந்து மீள அதிக நேரம் எடுக்கும் என்று கண் டாக்டர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆறு மணிக்கு மேல் நான் சாவியைத் தொடுவதில்லை. அது எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம்.

இப்போது முக்கியமான ஆளுக்கு வருகிறேன். பின்னால் உட்காருகிறவர்.

எங்கள் தலைமுறை வண்டிகளில் சீட் பலகை மாதிரி நீளமாக, சமமாக இருந்தது. சேலை கட்டின பெண் ஒரு பக்கமாக உட்கார்ந்து, மடியில் குழந்தை, குழந்தை கையில் முறுக்கு என்று ஊர் போய்ச் சேர்ந்தோம். (மூன்று பேர் போவது தப்பு. போனோம்.) இப்போதைய வண்டியில் ஓட்டுகிறவன் பள்ளத்தில், பின்னால் இருப்பவர் பரண் மேல். ஷோரூமில் என் வீட்டுக்காரம்மா அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏங்க, இதுக்கு ஏணி தனியா தருவாங்களா?" என்று கேட்டார். விற்பனைப் பையன் சிரித்துவிட்டான். அவருக்கு 60 வயது. ஒரு காலை ஃபுட்ரெஸ்ட்டில் வைத்து, என் தோளைப் பிடித்து, எம்பி, அந்த உள்ளங்கை அகலச் சீட்டில் பக்கவாட்டில் எப்படி உட்காருவார்? பிடித்துக்கொள்ளக் கம்பியும் இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 123 என்ன சொல்கிறது? பின்னால் இருப்பவருக்கு நிரந்தரக் கைப்பிடி வேண்டும், கால் வைக்க இடம் வேண்டும், பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடுகிற தடுப்பு வேண்டும். சேலைத் தலைப்பு சக்கரத்தில் சிக்கிப் போன உயிர்கள் கொஞ்சமா? நீங்கள் அந்தத் தடுப்பை அழகைக் கெடுக்கிறது என்று ஒரு மெல்லிய கம்பியாக மாட்டி அனுப்புகிறீர்கள்; பையன்கள் அன்றைக்கே கழற்றிப் போடுகிறார்கள்.

அறுபதுக்குப் பிறகு வண்டிப் பயணம் பெரும்பாலும் இரண்டு பேர் பயணம். பிள்ளைகள் வெளியூரில். தீர்த்தமலைக்குப் போவதானாலும் ஒகேனக்கலுக்கு மீன் சாப்பிடப் போவதானாலும் அவரும் நானும்தான். பென்னாகரம் தாண்டிக் காட்டு இறக்கத்தில் வண்டி போகும்போது வீட்டில் பேசாத விஷயமெல்லாம் என் காதருகே பேசுவார். முகத்தைப் பார்க்காமல் பேசுவதால் சண்டை வராது. அவர் வசதியாக உட்கார முடியாத வண்டியை நான் வாங்கப்போவதில்லை, எத்தனை குதிரைத் திறன் இருந்தாலும் சரி.

வயதானவனுக்கு வண்டி செய்ய உங்களுக்குத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. ஓசூரிலேயே அதைச் செய்திருக்கிறார்கள். டிவிஎஸ் எக்ஸ்எல்-ஐப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் 75 வயதுப் பெரியவர் அதில் முன்னால் தீவனக்கட்டு, பின்னால் தக்காளிப் பெட்டி வைத்துப் பாலக்கோடு மார்க்கெட்டுக்கு வருகிறார். காலைத் தூக்க வேண்டாம், கியர் வேண்டாம், விழுந்தாலும் ஒற்றை ஆளாகத் தூக்கி நிறுத்தலாம். 2015-இல் அதற்கு நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் வைத்து எக்ஸ்எல் 100 ஆக்கினார்கள். சந்தைக்குப் போகிறவன் உடம்பு எப்படி இருக்கும் என்று யாரோ ஒருத்தர் உட்கார்ந்து யோசித்ததால் வந்த வண்டி அது. அதே யோசனையை, சந்தைக்கு இல்லாமல் சும்மா மலை ஏறப் போகிறவனுக்காகவும் ஒரு தரம் யோசியுங்கள் என்கிறேன். போச்சம்பள்ளியிலும் ஓசூரிலும் மின்சார ஸ்கூட்டர் செய்கிறவர்களும் இதைக் கேட்டுக்கொள்ளலாம். சத்தம் இல்லாவிட்டால் பரவாயில்லை, பழகிக்கொள்வோம். டேங்கை முழங்காலால் அணைக்கிற மாதிரி, பெரிய சக்கரத்தோடு ஒன்று செய்யுங்கள்.

இதைப் படிக்கிற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. "வண்டியை வித்துடுங்கப்பா" என்று நீங்கள் போனில் சொல்வது பாசத்தால்தான், தெரியும். விற்க வேண்டிய நாள் ஒன்று வரும். சுகரால் பாதம் மரத்து, பின் பிரேக் மிதி எங்கே இருக்கிறது என்று காலுக்குத் தெரியாமல் போனால் அன்றைக்கே நிறுத்திவிட வேண்டும். மாத்திரை மாற்றின வாரத்தில் தலை சுற்றினால் அந்த வாரம் வண்டி கிடையாது. சாப்பிடாமல் கிளம்பக் கூடாது, சட்டைப்பையில் கடலை மிட்டாய் இருக்க வேண்டும். ஐஎஸ்ஐ ஹெல்மெட், கொக்கி மாட்டி. 55 தாண்டினவர்களுக்கு லைசென்ஸ் ஐந்து வருஷத்துக்குத்தான் புதுப்பிக்கிறார்கள், படிவம் 1-ஏ-வில் டாக்டர் சான்றோடு. அந்தச் சான்றை டாக்டர் நிஜமாகவே கண்ணையும் காலையும் பார்த்து எழுதட்டும்; அதில் தோற்றால் சாவியைக் கொடுத்துவிடுகிறேன். அதற்கு முன்னால் வயதை மட்டும் காட்டிக் கேட்காதீர்கள்.

சேர்ந்து வண்டி ஓட்டுகிற எங்கள் கூட்டத்தில் வெல்டிங் பட்டறைக்காரர் ஒருவர், மாங்கூழ் ஆலையில் ஷிப்ட் பார்த்தவர் ஒருவர், ராணுவத்தில் இருந்து வந்தவர் ஒருவர், அரூர்ப் பக்கத்து மரவள்ளி விவசாயி ஒருவர் இருக்கிறார்கள். எல்லாருக்கும் அறுபது தாண்டிவிட்டது, ஆளுக்கொரு வியாதி இருக்கிறது. மணிக்கொரு தரம் எல்லாரும் ஒன்றுக்குப் போக நிறுத்துவோம், அந்தக் கணக்கில் டேங்கை வடிவமைத்தால் போதும். நீங்கள் புதிதாக ஒன்றைச் செய்தால் 25 வயது டெஸ்ட் ரைடரிடம் கொடுத்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வத்தல்மலை அடிவாரத்துக்குக் கொண்டு வாருங்கள். கூலி வேண்டாம், ஓட்டிப் பார்த்துக் குறை சொல்கிறோம். ஒற்றை சீட் வண்டியாக மட்டும் கொண்டு வராதீர்கள்; வீட்டுக்காரம்மாக்களும் வருவார்கள், அவர்கள் ஏறி இறங்கிப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் நாங்கள் சாவியை வாங்குவோம்.

இப்படிக்கு,
பாலக்கோட்டில் இருந்து ஒரு கியர் வண்டிக்காரன்